லோயர் ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

வாங்குவோர் கேள்வி-பதில்

சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது, பார்ப்பது குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் காரின் முன்பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் இரண்டு லோயர் ஆர்ம்களையும் மாற்றினேன். "பழையது இருந்த இடத்திலேயே புதியதைப் பொருத்தியிருக்கிறேன், எதுவும் மாறாது" என்கிறார் மெக்கானிக். டயர் கடைக்காரரோ அலைன்மென்ட் கட்டாயம் என்கிறார். யாரை நம்புவது? (மதுரை)

பதில்: டயர் கடைக்காரரை நம்புங்கள். உங்கள் காரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டுகளால் இணைகிறது. போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரை, மாற்றிவிடப் போதுமானது. கேம்பர் மாறினால், சக்கரங்களின் முன்முனைகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவும் மாறும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தின் அடிப்பகுதி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பாகம். பழைய ஆர்மின் இணைப்பில் உள்ள ரப்பர் உறையான புஷ் தளர்ந்து சக்கரம் இடம் பெயர்ந்திருந்த நிலையில்தான் கடைசியாக உங்கள் வண்டிக்கு டோ வைத்திருப்பார்கள். புதிய புஷ் சக்கரத்தை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தவுடன் அந்தப் பழைய அளவு பொருந்தாமல் போகிறது. உங்கள் மெக்கானிக் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் கருதவில்லை. ஆனால் இந்த மாற்றங்கள் ஓரிரு மில்லிமீட்டரில் நடப்பவை. கண்ணுக்குத் தெரியாதவை டயரில் தெரியும்.

டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை), ரேக் எண்ட், ஸ்டியரிங் ரேக், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் அல்லது அதன் புஷ், முன்பக்க ஸ்ட்ரட், ஸ்பிரிங் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். அதிலும் டை ராட் எண்ட் எவ்வளவு தூரம் திருகப்பட்டிருக்கிறது என்பதுதான் டோவை நிர்ணயிக்கிறது என்பதால் அதை மாற்றினால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பழையதைக் கழற்றும்போது மரைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு புதியதை அதே அளவுக்குத் திருகுகிறார்களே, அது அலைன்மென்ட் கடை வரைக்கும் வண்டியை ஓட்டிச் செல்லத்தான் உதவும்.

கேள்வி: ஸ்டெபிலைசர் லிங்க் ராட் மட்டும் மாற்றினேன். பில்லில் அலைன்மென்ட் கட்டணமும் சேர்த்திருக்கிறார்கள். தேவைதானா? (ஈரோடு)

பதில்: தேவையில்லை, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைப்பதுதான் லிங்க் ராட், அது சக்கரத்தின் கோணங்களைத் தொடுவதே இல்லை.

கேள்வி: ஐ10 காரில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள்? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். அந்தக் காரின் பின்சக்கரங்கள் டார்ஷன் பீம் என்ற ஒரே குறுக்குச் சட்டத்தில் நிற்கின்றன. ஷாக் அப்சார்பர் அவற்றின் கோணத்தை நிர்ணயிப்பதில்லை. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் பீம் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லோயர் ஆர்ம் மாற்றிய பின் ஒரு கடையில் அலைன்மென்ட் செய்தேன். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இப்போது நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. கேட்டால் சாலை சரியில்லை என்கிறார்கள். பில்லும் இல்லை, அளவுத்தாளும் இல்லை. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதாம். (சேலம்)

பதில்: உங்களுக்கு நடந்தது அநியாயம். நேர்ச் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது என்றால், அதை நடுவில் பூட்டாமலேயே டோவைத் திருகியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். முறையாகச் செய்பவர் முதலில் நான்கு டயர்களிலும் காற்றைச் சமப்படுத்துவார். பால் ஜாயின்டிலும் டை ராட் எண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். பிறகு ரிம்மின் கோணல் கணக்கில் கலந்துவிடாதபடி வண்டியை முன்னும் பின்னும் உருட்டி ஈடுசெய்து, ஸ்டியரிங்கை நேராக்கிப் பூட்டிய பிறகே டை ராடின் லாக் நட்டைத் தளர்த்துவார். பத்து நிமிடத்தில் இவ்வளவும் நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பல ஆண்டுகளாக என் மனத்தை அறுக்கும் விஷயம் அந்த அளவுத்தாள். கணினி அலைன்மென்ட் இயந்திரம், சரிசெய்வதற்கு முன் இருந்த அளவு, சரிசெய்த பின் உள்ள அளவு, கார் தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரக்கூடியது. நாம் பணம் கொடுத்து வாங்குவதும் அந்த அளவுகளைத்தான். புடவை வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம், தங்கம் வாங்கினால் எடையைப் பார்க்கிறோம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கு மட்டும் "எல்லாம் ஓகே சார்" என்ற ஒற்றைச் சொல்லைப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். தாள் இல்லையென்றால் வேலை நடந்தது என்பதற்கே ஆதாரம் இல்லை. முன் அளவு அச்சாகாத தாளும் பாதித் தாள்தான். சஸ்பென்ஷன் வேலைக்குப் பின் எவ்வளவு விலகியிருந்தது என்பதை அந்த எண்களே காட்டும். வண்டியை மேடையில் ஏற்றுவதற்கு முன்பே, "முன் அளவும் பின் அளவும் தாளில் வேண்டும், பிறகுதான் பணம்" என்று சொல்லிவிடுங்கள். மை இல்லை என்றால் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மறுக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: டோவைத் தொடுவதற்கு முன், வேறொரு கடையில் அளவெடுத்துத் தாள் வாங்குங்கள். அங்கே "முன் அளவு" என்று அச்சாவது, முதல் கடைக்காரர் எந்த நிலையில் வண்டியைக் கொடுத்தார் என்பதற்கான சாட்சி. நாள் கடந்தால் அதன் வலு குறையும் என்பதால் உடனே செய்யுங்கள். பில் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் வைத்துக்கொண்டு, முதலில் எழுத்துமூலம் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: கேம்பர் வெளியே போய்விட்டது என்று சொல்லி, ஹைட்ராலிக் ஜாக்கியால் அழுத்தி நிமிர்த்தி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். சரியான முறையா? (திருநெல்வேலி)

பதில்: சரியான முறை இல்லை, ஆபத்தான முறை. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் கேம்பரைச் சரிசெய்யத் தனி ஏற்பாடு கிடையாது. ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை நகர்த்தி மீண்டும் இறுக்கினால் கொஞ்சம் திருத்தம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கும் அடங்காத அளவுக்கு விலகியிருந்தால், ஆர்ம் வளைந்திருக்கும், புஷ் போயிருக்கும், அல்லது நக்கிள் அடிபட்டிருக்கும். எது என்று கண்டுபிடித்து மாற்றுவதுதான் வேலை. காரணத்தைத் தேடாமல் நல்ல இரும்பை வளைத்து, திரையில் தெரியும் அளவை அனுமதிக்கப்பட்ட பச்சை எல்லைக்குள் கொண்டுவருவது, உங்கள் உயிரைத் தாங்கும் பாகத்தைப் பலவீனப்படுத்துவதாகும். அப்படி அழுத்தியதில் ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டிருக்கிறதா என்று நல்ல மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி: டை ராட் எண்ட் மாற்றிய பின் நேரமில்லாததால் அலைன்மென்ட் பார்க்காமல் 8,000 கிலோமீட்டர் ஓட்டினேன். புதிய டயர்களின் உள்விளிம்பு நூல் தெரியத் தேய்ந்துவிட்டது. டயர் நிறுவனத்திடம் வாரண்டி கேட்கலாமா? (சென்னை)

பதில்: கேட்க முடியாது. வாரண்டி தயாரிப்புக் குறைபாட்டுக்கு உரியது, உங்கள் அலட்சியத்துக்கு உரியது அன்று. நூல் தெரியும் டயரோடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். முதலில் டயரை மாற்றுங்கள்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைத்த ஆர்ம்களைப் போட்டேன். மூன்றே மாதத்தில் புஷ் கிழிந்துவிட்டது. பாகம் மட்டமா, பொருத்தியவர் பிழையா? (கோயம்புத்தூர்)

பதில்: இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நானும் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பை இப்படிக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரப்பர், நடுவில் உள்ள உலோகக் குழாயை விட்டுப் பிரிந்துவிட்டது, ஆர்மை மறுபடி மாற்றியதால் அலைன்மென்ட்டுக்கும் இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் நல்ல பாகமும் தவறாகப் பொருத்தினால் கிழியும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை இதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே கேளுங்கள், பாகத்துக்குப் பில்லும் வாங்குங்கள்.

கேள்வி: மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தும் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. (வேலூர்)

பதில்: சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் வீல் பேலன்சிங் பாருங்கள். அலைன்மென்ட் வேறு, அது வேறு.

கேள்வி: எல்லா அளவும் சரியாக இருந்தும் வண்டி ஒருபக்கம் இழுக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் லேசாக ஒதுங்குவது இயல்பு. அதற்கு மேல் இழுத்தால், டயர்கள் சுழலும் திசை குறிக்கப்படாதவையாக இருக்கும் பட்சத்தில், முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் குறை டயரில் இருக்கிறது. மாறாவிட்டால், ஓட்டி நிறுத்தியதும் எந்தச் சக்கரம் அதிகமாகச் சூடேறியிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.