டிவியில் ஆறு மணி நேரம் சைக்கிள் ஓடுகிறதே, அதை உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டுமா?

தம்பி, லீவுக்குச் சென்னை வந்திருக்கிறேன், உங்கள் கேள்வியைப் பெரம்பூரில் அம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் பெல்ஜியத்தில் டச்சு பேசுகிற ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் இருக்கும் கென்ட் நகரத்துக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சைக்கிள் பந்தயத்தைப் பற்றியே பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, இப்போது கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வருகிற ஞாயிறு ரோண்டே என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தை டிவியில் பார்க்க வரச்சொல்லியிருக்கிறார்கள், மொழி தெரியாமல் அரை நாள் டிவி முன்னால் உட்கார வேண்டுமா, இல்லை இங்கிலீஷ் கமென்ட்ரியைப் போனில் போட்டு ஒரு காதில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுருக்கமான பதில் இதுதான், ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அங்கே போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு வேலை கிடைத்துப் போனோம், டச்சு வகுப்பில் இரண்டு நிலை முடித்துவிட்டு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். வகுப்பில் டீச்சர் பேசியது எல்லாம் புரிந்தது. வேலைக்குப் போன முதல் நாளே அந்த நம்பிக்கை போய்விட்டது, அங்கே இருந்த பெரியவர்கள் யாருமே டீச்சர் மாதிரி பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்றால் பொது ஹாலில் டிவி ஓடும், பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் சூப் கொடுத்துக்கொண்டே அந்தக் கமென்ட்ரியைக் கேட்பேன். கேட்பேன் என்றால், அது பாட்டுக்கு என் காதில் விழும்.

அங்கே பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் கமென்டேட்டர் திடீரென்று குரலை உயர்த்தி 'வாயர், வாயர்' என்று கத்தினார், ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என்ன என்று கேட்டேன். பெரியவர் என் கையில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை வாங்கி, கட்டிச் சர்க்கரையை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் சாய்வாக அடுக்கினார், முதல் கட்டிக்குச் சற்றுப் பின்னால் வலது பக்கம் தள்ளி இரண்டாவது, அதற்குப் பின்னால் மூன்றாவது, இப்படி. அப்புறம் இடது பக்கத்திலிருந்து குனிந்து ஊதிக் காட்டினார். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஒருவர் மறைவில் ஒருவர் இப்படிச் சாய்வாகத்தான் ஓட்ட முடியும். ஆனால் மேஜை விரிப்பின் ஓரம்தான் ரோட்டின் ஓரம், ஆறேழு கட்டியோடு இடம் முடிந்துவிட்டது. எட்டாவது கட்டியை ஓரத்தில் வைத்து, அது மறைவில்லாமல் காற்றில் தவிப்பதைக் காட்டி, விரலால் மெதுவாகப் பின்னால் இழுத்தார். அங்கேதான் இடைவெளி விழும், அந்த இடைவெளி ஒருமுறை விழுந்தால் மூடுவது கஷ்டம். வாயர் என்றால் விசிறி. அந்த ஒரு வார்த்தையை எந்த வகுப்பிலும் இப்படிக் கற்றிருக்க மாட்டேன்.

இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஒருவரைக் காப்பாற்றி வைப்பதற்கு அவர்கள் சொல்வது 'காற்றிலிருந்து விலக்கி வைப்பது'. தலைமை வீரருக்கு முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்ளும் துணை வீரரைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் ஆபீசிலும் மேனேஜர் யாரையாவது பழியிலிருந்து காப்பாற்றினால் இதே சொல்லைத்தான் சொல்வார்கள், கவனித்துப் பாருங்கள். உடம்பில் ஒரு பொட்டு சக்தி இல்லாமல் போகும்போது 'சுத்தியல்காரனைச் சந்தித்துவிட்டான்' என்பார்கள். ஒரு விஷயம் முடிந்தது, இனி மாறாது என்பதற்கு 'கூர்ஸ் ஓடி முடிந்தது'. கூர்ஸ் என்றால் பந்தயம், ஃப்ளாண்டர்ஸில் அந்தச் சொல்லைச் சொன்னால் வேறு எந்தப் பந்தயமும் இல்லை, சைக்கிள்தான்.

இங்கிலீஷ் கமென்ட்ரி மோசம் என்று சொல்லவில்லை. ஃபில் லிகெட்டும் பால் ஷெர்வனும் சேர்ந்து பேசியதைக் கேட்டு இந்த விளையாட்டுக்குள் வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், 2018 டிசம்பரில் ஷெர்வன் இறந்தபோது எத்தனையோ பேர் சொந்தத்தில் ஒருவரை இழந்த மாதிரி எழுதினார்கள். ஆனால் அது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கான குரல், நீங்கள் இப்போது உள்ளே இருக்கிறீர்கள். தவிர, பிரிட்டனில் 2025 பிப்ரவரியோடு யூரோஸ்போர்ட் சேனல் நின்று, சைக்கிள் ஒளிபரப்பு மாதம் 30.99 பவுண்டுச் சந்தாவுக்குப் போய்விட்டது. உங்களுக்கு வீஆர்டி என்ற பெல்ஜிய டச்சு பொதுச் சேனலில், ஸ்போர்சா என்ற பெயரில், ரோண்டே முழுசாகச் சும்மா வருகிறது.

அதில் பல வருடம் பேசியவர்கள் மிஷெல் வாய்ட்ஸும் ஜோஸே டெ கௌவரும். வாய்ட்ஸ் ஓய்வு பெற்ற பிறகு, அதுவரை மோட்டார் சைக்கிளில் பந்தயத்தோடு போய்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த ரெனாட் ஸ்கொட்டெ அந்த இடத்துக்கு வந்தார். டெ கௌவர் முன்னாள் வீரர், அப்புறம் அணியை நடத்தியவர். 1989-ல் கிரெக் லெமாண்ட் வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்தாரே, அந்த அணியின் இயக்குநர் இவர்தான். அதனால் 'இவன் இப்போது சாப்பிடவில்லை, இன்னும் அரை மணியில் தெரியும்' என்கிற மாதிரி அவர் சாதாரணமாக ஒன்று சொன்னால், அரை மணி கழித்து நிஜமாகவே தெரியும்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கமென்டேட்டர்கள் பந்தயத்தை நேரில் பார்ப்பதே இல்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குள் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் பார்க்கிற அதே படத்தைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். படம் மோட்டார் சைக்கிளிலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் வருகிறது, வானிலை மோசமானால் விட்டுவிட்டுப் போகும். அப்போது அவர்கள் பேச்சுத்தான் பந்தயம். ரோண்டே கிட்டத்தட்ட 270 கிலோமீட்டர், முதல் மூன்று மணி நேரம் பெரிதாக எதுவும் நடக்காது, ஏழெட்டுப் பேர் முன்னால் போவார்கள், பெருங்கூட்டம் அவர்களை விட்டுப்பிடிக்கும். அந்த நேரத்தில்தான் கமென்டேட்டர் ஊர் பெயர், சர்ச் கோபுரம், இந்த வீரரின் அப்பா எந்தக் கிராமத்தில் கடை வைத்திருந்தார், அந்தக் கிராமத்துச் சாலை எந்த வருடம் கல் பதித்தது என்று பேசிக்கொண்டே போவார். அவசரம் இல்லை, சொன்னதையே திரும்பச் சொல்வார், எண்களும் தூரமும் திரும்பத் திரும்ப வரும். புதிதாக மொழி கற்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முன்னால் போனவர்கள் தப்புவார்களா என்று கணக்குப் போட ஃபிரெஞ்சுக் கமென்டேட்டர் ராபர்ட் ஷப்பாட் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது, 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் என்று. 30 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது 3 நிமிடத்துக்குக் குறைவாக இடைவெளி இருந்தால் பிடித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் முன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள், அதற்கு மேல் அவரே பேசுவார்.

இதை எழுதும்போது அப்பா பக்கத்தில் ஐபிஎல் பார்த்துக்கொண்டிருக்கிறார், தமிழ்க் கமென்ட்ரியில். அவர் ஐசிஎஃப்பில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கிரிக்கெட் அவருக்குள் போனது சேப்பாக்கத்தில் உட்கார்ந்து இல்லை, டீக்கடையில் நின்றுகொண்டு ஆல் இந்தியா ரேடியோவில் அப்துல் ஜப்பார் குரலைக் கேட்டுத்தான். பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது கடைக்காரர் டிரான்சிஸ்டரைப் பிஸ்கட் பாட்டில்கள் மேல் வைத்துவிடுவாராம், பால் வாங்க அனுப்பினால் அப்பா ஒரு ஓவர் முடிந்துதான் வருவார் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். பார்க்காத ஆட்டத்தை ஒரு குரல் கண் முன்னால் கொண்டுவந்து, எங்கோ பிறந்த ஆட்டத்தைப் பெரம்பூர்க்காரருக்குச் சொந்தமாக்கிக் கொடுத்தது. அந்த முதியோர் இல்லத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். அவர்களும் டிவி வருவதற்கு முன்னால் ரேடியோவில் கேட்டவர்கள்.

இன்னும் பின்னால் போனால் பத்திரிகை. ரோண்டே 1913-ல் தொடங்கியது, நடத்தியது ஸ்போர்ட்வேரெல்ட் என்ற விளையாட்டுப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த காரெல் வான் வைனன்டாலெ. டூர் டி ஃபிரான்ஸை 1903-ல் தொடங்கியது லோட்டோ என்ற நாளிதழ், அது மஞ்சள் தாளில் அச்சான பத்திரிகை, முன்னணியில் இருக்கிற வீரர் போடும் மஞ்சள் சட்டைக்கு அதுதான் காரணம் என்பார்கள். இத்தாலியில் 1909-ல் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தைத் தொடங்கிய கஸெட்டா பத்திரிகை ரோஸ் தாள், அங்கே ரோஸ் சட்டை. எல்லாம் பத்திரிகை விற்பதற்காகப் பிறந்த பந்தயங்கள். ரோட்டோரத்தில் நிற்கிறவன் சில விநாடி பார்ப்பான், மீதியை மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறவன் அதைக் காவியமாகவே எழுதினான். ஃப்ளாண்டர்ஸில் இதில் இன்னொன்றும் சேர்ந்தது. அன்றைக்குப் பெல்ஜியத்தில் படித்தவர்களின் மொழி ஃபிரெஞ்சு, நீங்கள் இருக்கிற ஊரின் கென்ட் பல்கலைக்கழகமே 1930-ல்தான் டச்சுக்கு மாறியது. அந்தக் காலத்தில் விவசாயி மகனும் மில் தொழிலாளியும் ஜெயிப்பதை அவர்கள் மொழியிலேயே ஒரு பத்திரிகை எழுதியது என்றால் அது என்ன உணர்வைக் கொடுத்திருக்கும் என்று தமிழ்நாட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பந்தயத்தை அவர்கள் மொழியில் கேளுங்கள்.

ஊக்கமருந்துப் பேச்சை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். புதிதாக வந்தவர் முதல் நாளே அதைக் கேட்டால், நம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்கார்ந்ததும் குடும்பத் தகராறைக் கிளப்பிய மாதிரி இருக்கும். அவர்களே எடுத்தால் பேசுங்கள், நன்றாகவே பேசுவார்கள். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் டூர் டி ஃபிரான்ஸை ஏழு வருடம் ஜெயித்தபோது டேவிட் வால்ஷ் மாதிரி ஒரு சில பத்திரிகையாளர்கள்தான் விடாமல் கேள்வி கேட்டார்கள், அதற்காக ஒதுக்கப்பட்டார்கள், வழக்கையும் சந்தித்தார்கள். 2012-ல் பட்டங்கள் பறிக்கப்பட்ட பிறகுதான் மற்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். வீரர்களோடு ஒரே ஹோட்டலில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, அவர்களைப் பற்றியே எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த ஒரு விளையாட்டு காட்டிய மாதிரி வேறு எதுவும் காட்டவில்லை என்பது என் எண்ணம். எங்கள் பஸ் டிரைவர் பெரியவர் நம்பி ஏமாந்தவர்தான், ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

பந்தயம் முடிந்ததும் பேட்டி வரும், அது புரியவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பையன் பேசினால் சில சமயம் டிவியிலேயே கீழே எழுத்துப் போடுவார்கள், அவர்கள் ஊர்க்காரர்களுக்கே. சென்னையில் வளர்ந்த பையன் நாகர்கோவில் கல்யாணத்தில் போய் நின்ற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளில் பழகிவிடும். உங்கள் ஆபீசில் ஃபிரெஞ்சு பேசுகிற பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் முக்கியமில்லை, அவர்கள் ஆர்டிபிஎஃப் என்ற ஃபிரெஞ்சு மொழிச் சேனலில் ரோட்ரிகோ பேன்கென்ஸ் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள். யாரிடம் எந்தப் பெயரைச் சொல்வது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஒரு மணி நேரத்துக்குப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள், காலையிலேயே போங்கள், அந்த மெதுவான நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. முறுக்கு இருந்தால் ஒரு டப்பா எடுத்துப் போங்கள், பேசாமல் இருக்கும் நேரத்துக்கு உதவும். ஓவ்டெ க்வாரமோன்ட் என்ற கல் பதித்த ஏற்றத்தை மூன்று முறை ஏறுவார்கள், 2.2 கிலோமீட்டர். கடைசித் தடவை அதை ஏறி இறங்கியதும் பாட்டர்பெர்க், அது 360 மீட்டர்தான், ஆனால் சுவர் மாதிரி நிற்கும், அதன் பிறகு பந்தயம் முடிகிற ஓவ்டநார்டெ ஊர் வரை 13 கிலோமீட்டர்தான் பாக்கி. அந்த இரண்டு ஏற்றத்துக்கு நடுவில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள், விளக்கம் எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஆண்கள் பந்தயம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள், பெண்கள் பந்தயத்தின் முடிவும் அதே நாள், அதே ஊர். பெல்ஜிய வீராங்கனை லோட்டெ கோப்பெக்கி 2022, 2023, 2025 என்று மூன்று முறை ஜெயித்த பந்தயம், வீட்டுக்கார அம்மா அதற்காகவும் காத்திருப்பார்.

எனக்கு இங்கே அந்த ஒளிபரப்பு திறக்கவில்லை, பெல்ஜியத்துக்குள் மட்டும்தான். அங்கே முடியும்போது இங்கே இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும், நான் அப்பாவோடு மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது முறை க்வாரமோன்ட் உச்சிக்கு யார் முதலில் வந்தார்கள் என்று ஒரு மெசேஜ் மட்டும் போடுங்கள்.