வயதான காங்கயம் பசுவைக் குளோனிங் செய்யலாமா?

கேள்வி: எங்களிடம் 12 வயதான மயிலை (சாம்பல் நிற) காங்கயம் பசு ஒன்று உள்ளது. கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேய்ந்தே வேளைக்கு இரண்டு லிட்டர் கறக்கிறது; சினை பிடிப்பதிலும் குறையில்லை. ஹரியானாவின் கர்னாலில், குஜராத் நாட்டினமான கிர் பசுவைக் குளோனிங் (மரபணு நகலெடுக்கும்) முறையில் உருவாக்கியதாகப் படித்தேன். எங்கள் பசுவையும் அவ்வாறு உருவாக்க முடியுமா? அது இயற்கைக்கு விரோதமான பாவம் என்கிறார் என் தந்தை. (தாராபுரம் வட்டத்து வாசகர்)

பதில்: தாங்கள் படித்தது உண்மையே. கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2023 மார்ச் மாதம் 'கங்கா' என்ற கிர் கிடாரி பிறந்தது. ஒரு பசுவின் உடல் செல்லை, உட்கரு நீக்கப்பட்ட வேறொரு பசுவின் சினைமுட்டையோடு இணைத்து, ஆய்வகத்தில் கருவாக வளர்த்து, மூன்றாவது பசுவின் கருப்பையில் வைத்துப் பெற்ற கன்று அது. இம்முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. விவசாயிகளின் வீட்டு மாடுகளுக்குச் செய்துதரும் சேவையாக வரவில்லை.

தங்கள் தந்தையின் தயக்கத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் இயற்கைக்கு மாறானது என்பதாலேயே ஒன்று பாவமாகிவிடாது, ஏனெனில் நாம் காலங்காலமாகப் போட்டுவரும் சினை ஊசியும் இயற்கையன்று. அந்தக் கன்றைப் பெறுவதற்காக எத்தனை உயிர்கள் வருந்துகின்றன என்பதையே நான் கேட்பேன். 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறியாடு பிறப்பதற்கு 277 சினைமுட்டைகளில் உட்கரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. உயிரோடு பிறந்தது அந்த ஒன்றுதான். 2009இல் கர்னாலில் பிறந்த முதல் குளோனிங் எருமைக் கன்று சில நாள்களிலேயே இறந்தது. அதன்பின் பிறந்த எருமைகளில் ஒன்று முறையாகச் சினையாகிக் கன்றும் ஈன்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருப்பினும், நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் கரு கலைவதும், கன்று அளவுக்கு மீறிப் பெருத்து ஈற்றில் சிக்கிக்கொள்வதும் இம்முறையில் மிகுதி. அந்த வேதனை முழுவதையும் சுமப்பது, தங்கள் மயிலைப் பசுவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வாடகைத்தாய்ப் பசு. அழியும் தறுவாயிலுள்ள ஓர் இனத்தின் கடைசிச் சில மாடுகளைக் காப்பதற்காக இத்துன்பத்தை நியாயப்படுத்த இடமுண்டு. ஒரு குடும்பம் தன் பசுவின் மீது வைத்த பாசத்திற்காக நியாயப்படுத்த இயலாது என்பதே என் முடிவு.

பிறக்கும் கன்றும் தங்கள் பசுவாக இருந்துவிடாது. அந்தக் கறவையில் ஒரு பங்கு மரபணுவால் வந்தது. மீதி, கொளுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்ந்த உடம்பாலும் தங்கள் வீட்டுப் பராமரிப்பாலும் வந்தது. ஒரே பசுவின் நகல்கள் பெருகினால், ஒரு நோய் தாக்கும்போது அனைத்தும் ஒருசேரப் பலவீனப்படும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, பசு இன்னும் பருவத்திற்கு வருகிறதெனில், இரத்த உறவில்லாத நல்ல காங்கயம் பொலிகாளையையே சேருங்கள். பாலுக்கு ஆசைப்பட்டு ஜெர்சி ஊசி போட வேண்டாம். கிடாரி வேண்டுமெனில், பாலினம் பிரித்த காங்கயம் உறைவிந்து கிடைக்குமா எனக் கால்நடை மருத்துவரிடம் விசாரியுங்கள். ஏற்கெனவே ஈன்ற கிடாரிகள் இருந்தால் அவற்றை விற்காமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஈற்றுத் தேதியையும் கறவையையும் எழுதிவாருங்கள். காளைக்கன்று பிறந்தால் அதைப் பொலிகாளையாக வளர்க்கலாம். ஆனால் தாயோடும் உடன்பிறந்த கிடாரிகளோடும் அது சேராதபடி, பருவம் வருமுன்பே வேறு பட்டிக்கு மாற்றிவிடுங்கள்.