தினமும் கோழியும் சோறும் தின்னும் நாய் ஓயாமல் சொறிகிறது. உணவை எப்படி மாற்றுவது?

ஆண்டு முழுவதும் காதில் அழுக்கு, ஓயாத பாத நக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உண்ணியும் தெள்ளும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். பிறகும் அரிப்பு நிற்கவில்லையென்றால் உணவைச் சந்தேகிக்கலாம். நாய்களுக்கு ஒவ்வாமை தருவதில் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை முன்னிற்கின்றன. பல ஆண்டுகள் பழகிய உணவும் ஒத்துக்கொள்ளாமல் போகும். இரத்தப் பரிசோதனையில் பணத்தைக் கொட்டாதீர்கள். இந்த விஷயத்தில் அது நம்பத்தக்கதல்ல.

செய்ய வேண்டியது விலக்கு உணவுமுறை. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, உங்கள் நாய் இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தை, மீனோ முயலோ, ஒரே ஒரு மாவுச்சத்துடன் கொடுங்கள். புரதத்தை நுண்துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவும் உண்டு, விலைதான் அதிகம். குறைந்தது 8 வாரம் வேறு எதுவும் வாயில் படக் கூடாது. பிஸ்கட், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை, எதுவும்தான். எங்கள் நாயின் பாதச் சிவப்பு ஆறாவது வாரம் மறைந்தது. பாட்டி பாசத்தோடு ஊட்டிய ஒரு வாய் தயிர்ச்சோறு, மூன்றே நாளில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது.

அரிப்பு அடங்கிய பின் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். 2 வாரத்துக்குள் சொறிய ஆரம்பித்தால் காரணம் உணவுதான்.