எலும்பை யாரும் உள்ளே தள்ளுவதில்லை

கேள்வி: வயது 46. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பீடி சுற்றுகிறேன். ஆறு மாதமாக இடுப்பு வலி, காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன். ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு (இடுப்புப் பகுதியில் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புக்கு நடுவில் இருப்பது) பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஊரில் சுளுக்கு எடுக்கிறவரிடம் போனால் விலகினதை உள்ளே தள்ளிவிடுவார் என்கிறார் மாமியார். போகலாமா சார்? – வாசகி, முக்கூடல்.

பதில்: அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்தார்கள். 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது, அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள். வலி கால் வரைக்கும் சுண்டி இழுத்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு, நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

மடியில் சுளகை வைத்து, தலையும் முதுகும் கவிழ்ந்தபடி மணிக்கணக்கில் ஒரே இருப்பாக இருப்பதுதான் முக்கியக் காரணமாக எனக்குப் படுகிறது. தசை ஓய்வில்லாமல் இறுகியே கிடக்கிறது, கொஞ்ச நாளில் நரம்பு மண்டலமும் உஷாராகி, சின்ன அசைவுக்கெல்லாம் வலியைக் கிளப்ப ஆரம்பிக்கிறது. எண்ணெய் போட்டு நிதானமாகத் தடவி அழுத்தும்போது அந்த இறுக்கம் விடும், வலியும் மட்டுப்படும். இது சும்மா சொல்லும் ஆறுதல் இல்லை, நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு மசாஜும் இருக்கிறது. ஆனால் ஜவ்வை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது. 'டக்' என்று கேட்கிற சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது, எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் இல்லை.

அதனால் தடவி விடுவதற்குத் தாராளமாகப் போங்கள். வெடுக்கென்று முறுக்குவது, முதுகில் ஏறி மிதிப்பது இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் சரி. (சொல்வார்கள்!) படித்தவர் கைதான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து இருக்கிறது, தொக்கணம் (சித்த மருத்துவத்தில் தடவிப் பிடித்துவிடும் முறை) பற்றி அங்கே விசாரியுங்கள். வீட்டில் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி, சூடு பொறுக்கிற அளவுக்குப் பதினைந்து நிமிஷம் ஒத்தடம் கொடுக்கலாம்.

தடவினதும் சுகமாக இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். அந்தச் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் நிற்கும், அதற்குள் நடக்க வேண்டும், இடுப்பை அசைக்க வேண்டும். ஐம்பது பீடிக்கு ஒரு தரம் எழுந்திருங்கள். கூலி குறையும் என்பீர்கள், நியாயம்தான், அதனால் தண்ணீர் எடுக்கிறது, அடுப்பைப் பார்க்கிறது மாதிரி எப்படியும் எழுந்து செய்கிற வேலைகளை இடையில் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சுளகுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குனிவது குறையும்.

ஒன்று மட்டும் கவனம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொய்ந்தாலோ எண்ணெய், ஒத்தடம் என்று ஒரு நாள்கூடத் தள்ளாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி இதெல்லாமும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

கேள்வி: குற்றால அருவியில் முதுகைக் காட்டி நின்றால் வலி போகுமா? – வாசகர், ஆலங்குளம்.

பதில்: கொஞ்ச நேரம் போகும், அதுவும் ஒரு மசாஜ்தானே! சீசனில் தண்ணீர் மிதமாக விழும்போது நில்லுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ள பெரியவர்களை மெயினருவியின் வேகத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், வழுக்கி விழுந்தால் இருக்கிற வலியோடு எலும்பு முறிவும் சேரும்.

கேள்வி: இடுப்பு பெல்ட்டை எப்போதும் போட்டிருக்கலாமா? – வாசகர், அம்பாசமுத்திரம்.

பதில்: வேண்டாம். நாள்பட்ட வலிக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் அதே 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. முறிவு, ஆபரேஷன் என்று டாக்டர் போடச் சொல்லியிருந்தால் மட்டும், அவர் சொன்ன காலம் வரைக்கும்.