மாடியிலும் முற்றத்திலும் மிளகாய்: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுத் தோட்டத்தில், திறந்தவெளியில், முதல்முறையாக மிளகாய் போடுகிறவர்களின் கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் இலைச் சுருட்டல் பற்றியவை என்பதால் அந்தப் பதில் மட்டும் நீளம்.

கேள்வி: அண்ணா, சமையலறையில் இருந்த காய்ந்த மிளகாயை உடைத்து விதை போட்டேன். பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. விதை செத்துவிட்டதா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மிளகாய் விதைக்கு மண்ணில் 25 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். அது கிடைத்தால் 7 முதல் 14 நாளில் எட்டிப் பார்க்கும். குளிர்ந்த மண்ணில் மூன்று வாரம்கூட இழுக்கும். ஹபனேரோ போன்ற கடுங்கார ரகங்கள் சாதாரணமாகவே தாமதம்தான்.

சமையல் மிளகாயில் முளைப்பதும் உண்டு, முளைக்காததும் உண்டு. அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தால் விதையின் உயிர் போயிருக்கும். ஈரக் காகிதத்தில் பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். நான்கைந்து முளைவிட்டால் மீதியைத் தைரியமாக விதைக்கலாம். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழமாகப் புதைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

கேள்வி: முளைத்த நாற்றெல்லாம் ஒரே இரவில் சாய்ந்துவிட்டது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி மெலிந்திருக்கிறது.

நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கிப் போடுங்கள். சொதசொதவென்ற மண், காற்றோட்டம் இல்லாத இடம், நெருக்கமான விதைப்பு மூன்றும் சேர்ந்தால் வரும். அடுத்த முறை புது மண்கலவை, அடியில் துளை உள்ள தட்டு, காலையில் மட்டும் தண்ணீர்.

கேள்வி: எப்போது இடம் மாற்றுவது? தொட்டியா, தரையா?

முளைத்ததும் வரும் விதையிலை இரண்டையும் விட்டுவிட்டு எண்ணுங்கள்: அதற்குப் பின் வரும் உண்மை இலை நான்கு முதல் ஆறு வந்ததும் மாற்றலாம். அதற்கு முன் ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்குங்கள்: முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. நிழலில் வளர்ந்த நாற்றை நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காகிதம் போலக் காய்ந்துவிடும். மாலையில் நடுங்கள்.

தரை கிடைத்தால் தரைதான் நல்லது. செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். தொட்டி என்றால் 12 அங்குல வாய், 15 லிட்டர் கொள்ளளவாவது இருக்கட்டும். சின்னத் தொட்டியிலும் காய்க்கும், ஆனால் வெயில் நாளில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். தோட்ட மண், நன்றாக மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் ஏறக்குறைய சம அளவு. மக்காத சாணம் வேண்டாம், வேரைச் சுடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் மிளகாய் வைத்தால் இலை பார்க்கலாம், காய் பார்ப்பது கஷ்டம்.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் வாடுகிறது. இன்னும் அதிகமாக ஊற்றவா?

ஊற்றாதீர்கள். முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் தேவை. ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் மூச்சுத் திணறுகிறது அல்லது அழுக ஆரம்பித்துவிட்டது. இன்னொரு குவளை ஊற்றினால் அன்றோடு முடிந்தது. மத்தியானம் மட்டும் தொங்கி, சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அது வெயிலைச் சமாளிக்கும் விதம். அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. மேல்மண்ணில் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

கேள்வி: சார், இலையெல்லாம் சுருண்டுவிட்டது. வேப்பெண்ணெய், மோர், பூண்டுக் கரைசல் எல்லாம் அடித்துப் பார்த்தாயிற்று. என்ன நோய் இது?

நோயின் பெயர் தெரியாமல் மூன்று மருந்து அடித்திருக்கிறீர்கள். சுருட்டல் என்பது ஒரு நோய் அல்ல, குறைந்தது மூன்று காரணங்களுக்கு ஒரே முகம். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். இளங்கிளை ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். தூசி விழும். அந்தத் தூசியில் சில துகள்கள் மெல்ல நகரும்: மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், ஊசி முனையால் கீறிய கோடு மாதிரி. அதுதான்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு, அடிப்பக்கம் பழுப்பாகப் பளபளத்தால் மஞ்சள் சிலந்தி. இது வெறுங்கண்ணுக்கு அகப்படாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு வாங்கும் பொருள்களில் உருப்படியான ஒன்று.

மூன்றாவது, வைரஸ். இலை சிறுத்து, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாகப் புதர் கட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். வெள்ளை ஈ பரப்புவது இது. செடியைத் தொட்டதும் இலைக்கடியிலிருந்து வெள்ளையாகப் பறக்கிறதா பாருங்கள். வைரஸுக்கு மருந்து கிடையாது. மனம் வராது, தெரியும், ஆனாலும் பிடுங்கிவிடுங்கள். அந்த ஒரு செடிக்காகப் பக்கத்தில் இருக்கும் ஐந்து செடிகள் போகும்.

இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மேலே மட்டும் தெளித்தால் பூச்சி குடையின் கீழே உட்கார்ந்திருக்கும். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும், பொட்டலத்தில் எழுதிய அளவில். கொளுத்தும் வெயில் நாளில் கந்தகம் அடித்தால் இலை கருகும். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது. உங்கள் செடியில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது, அதனால் காத்திருங்கள்.

அப்புறம் ஒன்று: சுருண்ட இலை திரும்ப விரியாது. மருந்து வேலை செய்ததா என்பதைப் புதுத் துளிரில்தான் பார்க்க வேண்டும். இது தெரியாமல்தான் நாலு நாளைக்கு ஒரு மருந்தாக மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

கேள்வி: பூ நிறைய வருகிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது.

வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவில் 25க்குக் கீழே இறங்காவிட்டாலும் மிளகாய் பூவை உதிர்க்கும். இரவு 15க்குக் கீழே போனாலும் அப்படித்தான். வெக்கை தணிந்ததும் தானே பிடிக்கும். உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் நிழல்வலை போட்டால் உதவும். பருவம் சரியாக இருந்தும் உதிர்ந்தால், மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் குளமாகிறதா என்று பாருங்கள்.

மகரந்தத்துக்காகத் தூரிகையோடு அலைய வேண்டாம். ஒரே பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உண்டு; வெளியில் இருக்கும் செடிக்குக் காற்றே போதும்.

கேள்வி: என் செடி இடுப்பளவு உயரம், கரும்பச்சை, அத்தனை செழிப்பு. ஆனால் ஒரு பூ இல்லை!

என்ன உரம் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடலாம்: தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். ஒரு மாதம் எந்த உரமும் போடாதீர்கள். பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) உள்ளதாகப் பார்த்து அளவாகக் கொடுங்கள்.

கேள்வி: குடைமிளகாய்க்குப் பக்கத்தில் பச்சை மிளகாய் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடுமாமே?

இந்த ஆண்டுக் காய் காரமாகாது. காயின் சதை தாய்ச்செடியின் உடம்பு. யாருடைய மகரந்தம் விழுந்தாலும் அது மாறாது. கலப்பு விதைக்குள் போகும். அந்த விதையை எடுத்து அடுத்த முறை போட்டால் வேடிக்கை இருக்கிறது. விதை சேமிக்க வேண்டுமானால் பூ விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எஃப்1 கலப்பின விதையாக இருந்தால் இந்தப் பாடும் வீண், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

கேள்வி: விதையை எடுத்துவிட்டால் காரம் போய்விடும்தானே? என் செடியில் காரமே இல்லை, அதையும் சொல்லுங்கள்.

காரம் விதையில் இல்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர்நிற நடுத்தண்டில்தான் காரம் தரும் பொருளான கேப்சைசின் சுரக்கிறது. விதை அதில் உரசி உரசிக் காரமாகிறது. காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் ஒரு முறையை வகுத்தார். அவர் பெயரிலான ஸ்கோவில் அலகில்தான் இன்றும் ரகங்களை ஒப்பிடுகிறோம். விதை வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் காரத்தின் பெரும்பகுதி ரகத்திலேயே முடிவாகிவிடுகிறது. காய் முற்றட்டும், பறிப்பதற்குச் சில நாள் முன்பு தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் பல ரகங்களில் காரம் ஏறும்.

கேள்வி: வீட்டில் ஒருவர் புகைப்பவர். செடியைத் தொட்டால் ஆகாது என்கிறார்கள். மூடநம்பிக்கையா?

இல்லை அம்மா, உண்மைதான். புகையிலைத் தேமல் வைரஸ் பீடி, சிகரெட் தூளிலும் உயிரோடு இருக்கக்கூடும். கைவழியே மிளகாய்க்கும் தக்காளிக்கும் ஒட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். கத்தரிக்கோலையும்தான்.

கேள்வி: அண்ணே, கிளிகள் பழுத்ததையெல்லாம் கொத்துகின்றன. காரமே இல்லையா அதுகளுக்கு?

இல்லை தம்பி. பாலூட்டிகளுக்கு எரிவதுபோலப் பறவைகளுக்கு கேப்சைசின் எரியாது. விதையைச் சேதமில்லாமல் தொலைவுக்குக் கொண்டுபோவதால் செடிக்கும் அது லாபம். உங்களுக்கு நஷ்டமாக இருந்தால் வலை கட்டுங்கள்.

கேள்வி: காய்ப்பு ஓய்ந்துவிட்டது. பிடுங்கிவிடவா?

வேர் நன்றாக இருந்தால், வைரஸ் அறிகுறியும் இல்லை என்றால் பிடுங்க வேண்டாம். உறைபனி விழாத இடத்தில் மிளகாய் பல ஆண்டு நிற்கும். தரையிலிருந்து முக்கால் அடி விட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மக்கு உரம் போடுங்கள். இலையே இல்லாததால் தண்ணீர் மிகக் குறைவாக; துளிர் வந்த பிறகு கூட்டலாம். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு விளைச்சல் குறைந்துகொண்டே போகும், அதனால் பக்கத்தில் புது நாற்று ஒன்றும் தயாராக இருக்கட்டும்.