கடற்படைக்காரரிடம் கொழிஞ்சாம்பாறை கேட்ட கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு பெட்டி வைத்து, "கடற்படையில் கமாண்டராக இருந்தவரிடம் எதையும் கேட்கலாம்" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். வந்த சீட்டுகளில் பாதி ராணுவ கேன்டீன் பற்றியது. அது கடைசியில். மற்றவற்றை முதலில் பார்த்துவிடுகிறேன்.

சார், நேவியும் மெர்ச்சன்ட் நேவியும் ஒன்றுதானே? (வேலந்தாவளம், பிளஸ் ஒன் மாணவர்)

இல்லை தம்பி. அது சரக்குக் கப்பல், கம்பெனி சம்பளம், ஒப்பந்தம் முடிந்தால் வீடு. எங்களுடையது போர்க்கப்பல், அரசாங்க வேலை. இரண்டுக்கும் வெள்ளை உடுப்பு என்பதால் கல்யாண வீடுகளில் என்னிடம் "மாசம் எத்தனை லட்சம்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் முகம் வாடிப் போனவர்கள் நிறைய.

மகன் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆபீசர் ஆக முடியுமா? (ஒரு தாய், சித்தூர்)

நானே தமிழ் மீடியம்தான் அம்மா. பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வழி. ஒன்று, யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு. புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 வருடம், பிறகு நம் கண்ணூர் மாவட்டத்து எழிமலை கடற்படை அகாடமியில் 1 வருடம். இன்னொன்று, இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம் வாங்கி, ஜேஇஇ மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வின் ரேங்க் வழியாகப் போவது. அதில் நான்கு வருட பிடெக் படிப்பு முழுக்க எழிமலையில்தான், அரசாங்கச் செலவில். எழிமலை அகாடமி 2009-ல்தான் திறந்தது. என் காலத்தில் கோவா.

ஜேஇஇ மெயினைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு வழியிலும் அப்புறம் வரும் எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வு ஐந்து நாள், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே தோற்பது இலக்கணப் பிழையால் அல்ல, வாயைத் திறக்காததால். குழு விவாதத்தில் அடுத்தவர் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள். அங்கே யாரும் முடிப்பதில்லை.

கப்பலில் வாந்தி வருமா அண்ணா?

வரும். டிராஃபால்கர் கடற்போரில் ஜெயித்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனையே கடல் குமட்டல் விடவில்லை. ஜூன், ஜூலையில் அரபிக்கடலுக்குப் போய்ப் பாருங்கள். வயிற்றை வெறுமையாக விடாதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள்.

தூங்க விடுவார்களா?

நான்கு நான்கு மணி நேரமாக வாட்ச், அதாவது காவல் பணி. அப்படியே விட்டால் ஒரு நாளைக்கு ஆறு வாட்ச். மூன்று அணிகள் மாறி மாறி நின்றால், நள்ளிரவு வாட்ச் தினமும் ஒரே அணியின் தலையில் விழும். அதனால் மாலை 4 முதல் 8 வரையுள்ளதை இரண்டாக வெட்டி ஏழாக்கிவிட்டார்கள். முறை தானாக நகரும். பாய்மரக் கப்பல் காலத்துக் கணக்கு, இன்றும் அதை யாராலும் மேம்படுத்த முடியவில்லை.

மகளுக்கு நேவி ஆபீசர் வரன் வந்திருக்கிறது. கொடுக்கலாமா? (அட்டப்பள்ளம்)

இதை என்னிடம் கேட்டதைவிட என் மனைவியிடம் கேட்டிருக்கலாம். சீட்டைக் காட்டினேன். "கொடுக்கட்டும், ஆனால் பெண்ணுக்கு ஸ்கூட்டர் ஓட்டவும் பேங்க் வேலை பார்க்கவும் தெரிந்திருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் கிடைக்கும், வருடத்துக்கு 60 நாள் லீவும் உண்டு. ஆனால் கப்பல் போஸ்டிங்கில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல், சிலிண்டர் தீர்ந்தது, வீடு மாற்றுவது எல்லாம் அவள் பாடு. என் மகன் மும்பையில் மராத்தி, விசாகப்பட்டினத்தில் தெலுங்கு, கொச்சியில் மலையாளம் என்று படித்தான். தமிழ் மட்டும் சமையலறையில் கற்றான்.

ஒருமுறை நான்கு மாதம் கழித்து வீடு வந்தேன். விளையாடப் போகட்டுமா என்று மகன் கேட்டான். போ என்றேன். நகரவில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் அதையே கேட்டுவிட்டு ஓடினான். எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாமல் ஓடப் பழகிய வீடு அது. வந்த வேகத்தில் நான் செருப்பு வரிசை, படுக்கும் நேரம் என்று உத்தரவு போட்டால் நாலு நாள் சண்டைதான். அதற்குப் பிறகு முதல் வாரம் வாயை மூடிக்கொண்டு மளிகை வாங்கிப் போடுவேன். மாப்பிள்ளைக்கு அந்தப் புத்தி இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

தாத்தா, நீங்க சண்டை போட்டீங்களா? (நான்காம் வகுப்பு)

இல்லை கண்ணு. 1999 கார்கில் சமயத்தில் எங்கள் கப்பல் வட அரபிக்கடலில் நின்றது. ஒரு குண்டும் சுடவில்லை. நின்றதே வேலை.

கேன்டீனில் ஒரு பாட்டில் வாங்கித் தர முடியுமா? (பெயர் போடாத பதினோரு பேர்)

முடியாது. கோட்டா எனக்கு மட்டும்தான், கைமாற்றுவது குற்றம். சுற்றிலும் தென்னந்தோப்பு, வீதிக்கு வீதி கள்ளுக்கடை, அதை வைத்துக்கொண்டா என்னிடம் வருகிறீர்கள்? பதினோரு சீட்டில் மூன்று ஒரே கையெழுத்து. யார் என்று தெரியும்.