அரிசிப் பையோடு நின்று படம் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளர். சென்ற மாதம் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் ஒரு குடியிருப்புக்கு ஊழியத்துக்குச் சென்று, அரிசியும் போர்வையும் கொடுத்து, மருத்துவ முகாமும் நடத்தினோம். போர்வை வாங்க வந்த ஒரு பாட்டி, நான் கைப்பேசியை உயர்த்தியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் எடுத்துவிட்டேன். குழுவில் ஒருவர் அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டார். அடுத்து ஒடிசாவில் ஒரு பணித்தளத்துக்குப் போகிறோம். இனிப் படமே எடுக்கக் கூடாதா? காணிக்கை கொடுத்தவர்கள் படம் கேட்கிறார்களே?
– ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்ற வேத வசனத்தை நீட்டி இந்தப் பேச்சை முடித்துவிடுகிறவர்கள் உண்டு; ஆனால் பிறர் காணிக்கையில் ஊழியம் செய்கிறவருக்குக் கணக்குக் காட்டும் கடமை இருக்கிறது, அந்தக் கணக்கில் படத்துக்கும் ஓர் இடம் உண்டு. என்னைக் கேட்டால், நீங்கள் தவறு செய்தது படம் எடுத்த நேரத்தில்தான்.

ஒரு கையில் போர்வையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்று, "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா, பாட்டி?" என்று முறையாகக் கேட்டிருந்தாலும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்திருக்காது. மறுத்தால் போர்வை கிடைக்குமா, இவர்கள் மறுபடியும் மலையேறி வருவார்களா, உங்களை வரவேற்ற ஊர்த் தலைவரான மூட்டுக்காணி தம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் மனத்தில் ஓடியிருக்கும். முந்தானை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய பதில். ஆகவே பொருள் கொடுக்கும் நேரத்தில் எவர் கையிலும் கேமரா இருக்க வேண்டாம். எல்லாம் கொடுத்து முடித்து, கையில் கொடுப்பதற்கு எதுவும் இல்லாமல், கட்டன் சாயா குடித்தபடி அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். எடுத்த படத்தை உடனே அவரிடம் காட்டி, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். மருத்துவ முகாமில் நோயாளியின் பக்கம் கேமராவைத் திருப்புவதற்கு எந்த நேரமும் நல்ல நேரம் அல்ல.

இதை நம் மாவட்டத்தாருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த பிறகு, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் உயிர் தப்பியவர்கள், நேற்றுவரை தாங்களே பத்துப் பேருக்குச் சோறு போட்ட வீட்டுக்காரர்கள், நிவாரணப் பொருளுக்கு வரிசையில் நின்றார்கள். வாங்குகிற கையைப் படம் பிடிக்கும்போது அந்தக் கைக்கு எப்படி இருக்கும் என்பதை, மலைக்குப் போகுமுன் உங்கள் குழு கடற்கரையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. பெற்றோர் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள் என்பது பொது விதி. ஆனால் காப்பகத்தில் உள்ள பிள்ளைகளைப் போல, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆவது பிரிவில் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஜெபக் குறிப்புக்காகத்தான் போட்டோம் என்பதால் எவரும் தப்பிவிட முடியாது.

ஒடிசாவில் கவனம் இன்னும் வேண்டும். மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அந்த மாநிலம் 1967-இலேயே இயற்றியது. ஒரு ஜெபக் கூட்டத்தின் படம், ஊர்ப் பெயரோடும் முகங்களோடும் வெளியே போனால், அதன் விளைவைச் சந்திப்பவர்கள் நீங்கள் அல்ல. நீங்கள் ரயிலேறி நாகர்கோவிலுக்கு வந்துவிடுவீர்கள், அவர்கள் அதே ஊரில், அதே அண்டை வீட்டாரோடு இருக்கப்போகிறவர்கள். எதை வெளியிடலாம் என்பதை அங்குள்ள ஊழியரே முடிவு செய்யட்டும். புறப்படுமுன் எல்லாக் கைப்பேசிகளிலும் கேமராவின் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும், அதை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் அந்த விவரமும் சேர்ந்தே போகும்.

காணிக்கை கொடுத்தவர்களுக்கு ரசீதையும், ஜீப்பில் ஏறிய மூட்டைகளையும், நீங்கள் நடந்த காட்டுப் பாதையையும், வேலை செய்யும் உங்கள் குழுவினரையும் படமாக அனுப்புங்கள். வாங்கியவரின் முகம் இல்லாமல் நம்பமாட்டேன் என்கிறவருக்கு வரவு செலவுக் கணக்கை அனுப்புங்கள், அது போதும். படம் இல்லாவிட்டால் ஊழியத்துக்குச் சாட்சி இல்லையோ என்று பயப்படுகிறவர்களிடம் நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி நான் சொல்வதுண்டு. 1924 எவரெஸ்ட் பயணத்தில் அவர் தம் கேமராவை, உச்சிக்குப் புறப்பட்ட சக மலையேறி ஜார்ஜ் மல்லரிக்கு இரவல் கொடுத்தார். மல்லரி திரும்பவில்லை, 1999-இல் அவர் உடல் கிடைத்தபோதும் கேமரா கிடைக்கவில்லை. சோமர்வெல்லோ நெய்யூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார், கேமரா போனதால் இங்கே ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இனி அந்தப் பாட்டி. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாக மறைந்திருக்கும், ஆனால் படம் உங்கள் கைப்பேசியிலும் குழுவிலும் இருக்கிறது. குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் இருப்பதை மட்டும் வைத்திருந்து, ஒடிசாவுக்குப் புறப்படுமுன் ஒரு நாள், கொடுப்பதற்கு எதுவும் எடுத்துக்கொள்ளாமல், இன்னொரு சகோதரியோடு மலையேறிப் போய், மன்னிப்புக் கேட்டு, அவர் பார்க்க அதை அழியுங்கள். அழித்த படங்கள் சில நாள்கள் தங்கும் குப்பைத்தொட்டி ஒன்று கைப்பேசிக்குள் இருக்கும், அதையும் காலி செய்ய மறக்க வேண்டாம்.